முப்பது மலைவேம்பும் முப்பது மூங்கிலும்

1

இந்தக் கதை ஓர் ஆட்டுக்கொம்பில் தொடங்கியது. உருவகம் ஏதும் இல்லை. நிஜ ஆடு, நிஜக் கொம்பு, அதில் ஈரம் காயாத நீலச் சாயம்.

இந்த வருடம் மாட்டுப் பொங்கலன்று, இங்கே அதைப் பட்டிப் பொங்கல் என்பார்கள், மருதாத்தாளக்காவின் தோட்டத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தேன். கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குக் கேரளத்துப் பக்கம், சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். அக்காவின் கணவர் சென்னியப்பண்ணன் ஒரு கிடாயைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கொம்புக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். நான் இலையில் பொங்கலை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். பேச்சுக்காகத்தான் கேட்டேன்.

“போன வருஷம் இதுக்குச் சிவப்புன்னா அடிச்சிருந்தேள்?”

“ஆமாங்க அம்மிணி. அதனாலதான் இந்த வருசம் நீலம். கொம்புல என்ன சாயம் இருக்குதோ அத உட்டுப்போட்டு மத்ததை அடிக்கோணும். எங்கப்பன் காலத்துலருந்து எங்கூட்டுல மாத்தி மாத்தித்தானுங்க அடிக்கிறது. ஒரே சாயம்னா ஆட்டுக்குச் சலிச்சுப் போயிருமில்லீங்க?”

பொங்கல் தொண்டையில் நின்றது. நாலு வருடத்துக்கு முன் அதே தோட்டத்தில் நான் செய்துவைத்த காரியம் அப்படியே கண் முன்னால் வந்தது. கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்த மருதாத்தாளக்கா, “நெய் சாஸ்தியாப் போச்சாட்ட இருக்குது” என்று சொல்லித் தண்ணீர் எடுத்து வந்தார்.

நெய் ஒன்றும் அதிகம் இல்லை.

2

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஜானவி. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்தவள். கொழிஞ்சாம்பாறை போகிற சாலையில் பத்து வருடமாக மரநாற்றுப் பண்ணை நடத்துகிறேன். கதையும் எழுதுவேன். நாற்று போகிற வேகத்தில் கதை போவதில்லை என்பதால் இரண்டையும் விடாமல் செய்கிறேன்.

இந்தக் கதைக்கு இதுவரை ஆறு தொடக்கம் எழுதிவிட்டேன். அவற்றில் இரண்டை மட்டும் காட்டுகிறேன்.

தொடக்கம் ஒன்று: “மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு விதை, சமவெளியின் மண்ணை முதன்முறையாக முகர்ந்தபோது—” [விதைக்கு மூக்கு கிடையாது. கிழித்துப் போட்டேன்.]

தொடக்கம் நான்கு: “ஒரு மரத்தின் விதை எந்த ஊரிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அம்மரத்தின் வளர்ச்சியைப் பின்வரும் ஐந்து வகைகளில் பாதிக்கிறது.” [இதை வாசித்த என் கணவர் நிகில் இரண்டாவது வகையிலேயே தூங்கிப்போனார்.]

விழித்தெழுந்து அவர் கேட்டார்: “கதையாக்கும் எழுதறயா, மாப்புக் கடுதாசாக்கும் எழுதறயா?”

“கதைதான். மன்னிப்புக் கேக்கற கடுதாசு இல்லை.”

“மூணு வாரமா எழுதிண்டே இருக்காய். அந்த நேரத்துக்கு ஒரு நடை போய் அவாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கலாமோல்லியோ?”

எழுத்தாளர்களைக் கட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் இங்கிதம் இல்லாமல் பேசுவார்கள். சொல்லப் பயந்துகொண்டுதான் எழுதினேன். அதை ஒப்புக்கொண்டால் இந்தப் பகுதி முடிந்துவிடும். ஒப்புக்கொண்டேன்.

3

இப்போது, நாலு வருடத்துக்கு முன் நடந்தது.

மருதாத்தாளக்காவின் தோட்டத்தை ஒட்டி ஒரு ஏக்கர் இருக்கிறது. ஆறு வருடம் முன்பு அதை வாங்கிக் குடிவந்தவர் ராமலட்சுமி. உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களில் நாற்பது வருடம் காய் எடுத்தவர். மலைக்குளிர் முழங்காலுக்கு ஆகாமல் கீழே இறங்கிவிட்டார். இங்கே எல்லாரும் அவரை மலைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். மரியாதையாகவும் இல்லை, வெறுப்பாகவும் இல்லை. அந்தப் பெயரைத் தாண்டி அவரை யாருக்கும் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த மார்கழிக் கடைசியில் அவர் ஊருக்குப் போய்ச் சாக்கு நிறைய மலைவேம்புக் காய் கொண்டுவந்தார். குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தின் காய். அதே சமயம் மருதாத்தாளக்காவின் கிணற்றோரத்து மலைவேம்பும் காயை உதிர்த்துக்கொண்டிருந்தது. நான் குறுக்கே புகுந்தேன். “ரெண்டையும் முளைக்க வைக்கலாம். நடுவேலிக்கு அந்தப் பக்கம் மலைவிதை முப்பது, இந்தப் பக்கம் உள்ளூர் விதை முப்பது. ஒரே மண், ஒரே காத்து. எது எப்படி வளர்றதுன்னு பாத்துடலாம்” என்றேன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. தோற்பது மற்றவர்தான் என்று இருவருமே உறுதியாக நம்பினார்கள்.

மலைவேம்புக் கொட்டை சும்மா போட்டால் முளைக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஆடு காயைத் தின்று, ராத்திரி அசைபோடும்போது துப்புகிற கொட்டை என்றால் நன்றாக முளைக்கும். காலையில் பட்டியைக் கூட்டிப் பொறுக்கிக்கொள்ளலாம். ராமலட்சுமியிடம் ஆடு கிடையாது. அக்காவிடம் பன்னிரண்டு வெள்ளாடு இருந்தது. ஆறு ஆட்டுக்கு உள்ளூர்க் காய், ஆறு ஆட்டுக்கு மலைக்காய் என்று பிரித்தேன். அடையாளத்துக்கு என்ன செய்தேன்? சென்னியப்பண்ணனின் சாய டப்பாவை எடுத்து, உள்ளூர்க் காய் தின்னும் ஆட்டுக்குச் சிவப்பு, மலைக்காய் தின்னும் ஆட்டுக்கு நீலம் என்று கொம்பில் பூசினேன்.

பட்டிப் பொங்கலுக்கு முதல் நாள்.

[ஆடு வளர்ப்பவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். கல்பாத்தியில் நாங்கள் ஆடு வளர்ப்பதில்லை.]

மறுநாள் காலை காயைத் தின்னக் கொடுத்தேன். “சாயந்தரம் நீலக்கொம்பு கிழக்குப் பட்டிக்கு, சிவப்புக்கொம்பு மேற்குப் பட்டிக்கு” என்று எல்லாரிடமும் இரண்டு தடவை சொன்னேன். எங்கள் வீட்டில் அன்று கணு, கூடப்பிறந்தவர்களுக்காகச் செய்யும் பண்டிகை. அண்ணாவும் தம்பியும் வருவார்கள் என்று கிளம்பிவிட்டேன். மத்தியானம் சென்னியப்பண்ணன் ஆடுகளைக் குளிப்பாட்டினார். சிவப்பாக இருந்த கொம்புக்கு நீலம், நீலமாக இருந்ததற்குச் சிவப்பு அடித்தார். பட்டிப் பொங்கல் முடிந்ததும் நான் சொன்னபடியே நிறம் பார்த்து அடைத்தார். இரண்டு நாள் கழித்து நான் வந்து, கிழக்குப் பட்டிக் கொட்டையை ‘உடும்பஞ்சோலை’ என்றும் மேற்குப் பட்டிக் கொட்டையை ‘கோபாலபுரம்’ என்றும் எழுதி, அடிக்கோடு வேறு போட்டேன்.

ஆகவே ராமலட்சுமி இத்தனை நாள் தன் ஊர் மரம் என்று வளர்த்த முப்பதும் மருதாத்தாளக்காவின் கிணற்றோரத்து மரத்தின் பிள்ளைகள். அக்கா வளர்த்த முப்பதும் மலையிலிருந்து வந்தவை. இது இந்தத் தை மாதம் வரை எனக்குத் தெரியாது.

4

கதையைக் கொஞ்சம் நிறுத்திவைத்து மரத்தைப் பற்றிப் பேச வேண்டும். நிகில் தூங்கிய இடம் இதுதான். சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

விதைக்கு ஊர் உண்டு. ஒரே இனம், ஒரே மண், ஒரே தண்ணீர் என்றாலும் தாய்மரம் நின்ற இடம் வேறாக இருந்தால் பிள்ளைகளின் நடத்தையும் வேறாக இருக்கும். வறண்ட ஊரில் தலைமுறை தலைமுறையாக நின்ற மரத்தின் பிள்ளை அவசரப்படாது. முதலில் வேரை இறக்கும், அடிமரத்தைத் தடிக்கவிடும், வெயில் வருவதற்கு முன்பே இலையை உதிர்த்துவிடும். மழை கொட்டும் மலையிலிருந்து வந்த பிள்ளைக்கு அந்தக் கவலை தெரியாது. மடமடவென்று உயரும். ஈரம் இன்னும் இருக்கும் என்று நம்பி இலையை விடாமல் வைத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் பக்கம் இதனால் ஒரு சங்கடம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கார்த்திகையில் தொடங்கித் தை முடியக் கிழக்கத்திக் காற்று அடிக்கும். ஆளையே தள்ளும். இலை உதிர்த்த மரத்தின் ஊடாக அது போய்விடும். இலையோடு நிற்கும் மரத்தைப் பிடித்துச் சாய்க்கும். மலைவிதை இங்கே சாய்வதற்கு இதுதான் காரணம். நல்ல விதை, கெட்ட விதை என்று ஒன்றும் இல்லை. இதே உள்ளூர் விதையை உடும்பஞ்சோலையில் போட்டால் அங்கே அது திணறும்.

மனிதர்களும் இப்படித்தான், எந்த ஊரில் பிறந்தாலும் அந்த ஊரின்—

[நிறுத்தினேன். அந்த வாக்கியம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு பெண், மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு மரம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு வாசகரைப் பெருமூச்சு விடவைப்பது சுலபம். ராமலட்சுமியிடம் ஒருதரம் அப்படிப் பேச்சைத் தொடங்கினேன். “நான் என்ன மரமா ஜானவிம்மா? காலு வலிச்சா ஒக்காருவேன், பிடிக்கலைன்னா பஸ் ஏறிப் போயிருவேன். மரத்தால முடியுமா?” என்றார். அதோடு விட்டேன்.]

5

மூன்றரை வருடத்தில் என்ன நடந்தது என்றால், உள்ளூர் விதை ஜெயித்தது. அதைக் கொண்டாடியவர் ராமலட்சுமி.

அவர் பக்கத்து முப்பது மரமும் நூல் பிடித்தாற்போல் நின்றன. அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர் விட்டார். ஆனால் வாய்க்காலுக்கு வருகிறவர், மேய்ச்சலுக்கு வருகிறவர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் என்று யாரையும் விடவில்லை.

“எங்கூரு மரத்தப் பாருங்க, எப்பிடி நெட்டுக்குத்தா நிக்கிது! மலைத்தண்ணி குடிச்ச வம்சம்ல!”

வேலிக்கு இந்தப் பக்கம் நிலைமை வேறு. முதல் மழைக்காலத்தில் அக்காவின் மரங்கள்தான் முந்தின. அக்கா வேலியோரம் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். கார்த்திகை வந்தது, காற்று வந்தது, ஒரே வாரத்தில் முப்பதும் மேற்கே சாய்ந்தன.

“என்ற மண்ணுல பொறந்தது என்ற மண்ணுலயே சாயுமா?” என்று கேட்டுவிட்டு அக்கா அன்றே மூங்கில் வெட்டினார். மரத்துக்கு ஒரு முட்டு. பழைய சேலையைக் கிழித்துப் பட்டை உரசாமல் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். காற்றைத் தடுக்கக் கிழக்கே அகத்தி வரிசை வைத்தார். வேரோரம் தேங்காய் மட்டை புதைத்தார். வருடாவருடம் ஐப்பசியில் பழைய கட்டுகளை அரிவாளால் அறுத்து, மூங்கிலை எடுத்துப்போட்டுப் புதுசு நட்டு, புதுக் கயிறு கட்டினார். சென்னியப்பண்ணன், “எனக்கு முதுகுவலி வந்தப்ப இத்தனை பண்ணலீங்க இவ” என்று என்னிடம் முறையிட்டிருக்கிறார்.

இப்போது அந்த முப்பதும் கிட்டத்தட்ட நேராகவே நிற்கின்றன. மற்ற வரிசையைவிடக் கொஞ்சம் மெலிவு, காற்றில் அடிபட்டதால் கொஞ்சம் குட்டை. ஆனால் ஒன்றுகூட முறியவில்லை. நான் அளவெடுத்துக் குறித்த நோட்டில் நாலு மார்கழியிலும் ஒரே வரி இருக்கிறது: ‘மருதாத்தாள் வரிசை இன்னும் இலை உதிர்க்கவில்லை. தண்ணீர் அதிகமோ?’ காரணத்தை முந்திய பகுதியில் எத்தனை அழகாக உங்களுக்கு விளக்கினேன்! நோட்டில் எழுதும்போது அந்த அறிவு எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள்.

போன ஐப்பசியில் அக்கா சொன்ன ஒன்றை இங்கே எழுதியே தீர வேண்டும். மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராமலட்சுமி வழக்கம்போல ஏதோ பெருமை பேசினார். அக்கா கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார்:

“இந்தா பாரு மலைக்காரி, என்ற ஊட்டு மரமாங்காட்டி நான் இந்தப் பாடு படறேன். இது மட்டும் உன்ற மலைக்கொட்டையா இருந்துச்சுன்னா, ஒரு முட்டுக் குடுத்திருக்க மாட்டேன். சாஞ்சாச் சாயட்டும்னு உட்டுப்போட்டு வேடிக்கை பாத்திருப்பேன்.”

மூவரும் சிரித்தோம்.

6

இவ்வளவுதான் என்றால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். யாருக்கும் நஷ்டம் இல்லாத தவறு என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

பட்டிப் பொங்கல் முடிந்து நாலாம் நாள், சுற்றுவட்டாரத்து விவசாயிகள் பதினொரு பேர் சேர்ந்து என் பண்ணைக்கு வந்தார்கள். ராமலட்சுமியின் வரிசையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். இரண்டாயிரம் நாற்று வேண்டும், உடும்பஞ்சோலை விதையாக இருக்க வேண்டும், வேறு விதை வேண்டாம் என்றார்கள். காய் கொண்டுவர ராமலட்சுமியிடம் பேசியாகிவிட்டது, அவரும் சரி என்றுவிட்டார்.

அன்றைக்கு அவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். “ராமலட்சுமியக்கா” என்றார்கள். ஆறு வருடத்தில் அதை நான் முதன்முறையாகக் கேட்டேன்.

உண்மையைச் சொன்னால் அவரிடமிருந்து அதைப் பிடுங்கிவிடுவேன். சொல்லாவிட்டால் இரண்டாயிரம் மலைநாற்று இந்தக் காற்றில் பதினொரு தோட்டத்தில் நடப்பட்டுச் சாயும். எல்லாத் தோட்டத்திலும் ஒரு மருதாத்தாள் இருக்கமாட்டார். அப்புறம் அந்த முப்பது மரம்: இன்னும் ஒரே ஒரு காற்றுக்காலத்துக்கு அவற்றுக்கு முட்டு தேவை. உண்மை தெரிந்து அக்கா மூங்கிலை உருவிவிட்டால்?

மூன்று வாரம் இதையே சுற்றிவந்தேன். எழுதினால் தெளிவு பிறக்கும் என்பார்கள். பிறந்தபாடில்லை.

7

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) சென்னியப்பண்ணனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்கிறேன். அவர்— [ஐந்து நிமிடத்தில் அக்காவுக்குத் தெரிந்துவிடும். ரகசியம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் இல்லை அவர். அடித்துவிட்டேன்.]

(ஆ) யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. ராமலட்சுமி கொண்டுவரும் காயைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, கிணற்றோரத்து மரத்தின் கொட்டையைப் போட்டு, ‘உடும்பஞ்சோலை’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இரண்டாயிரமும் நேராக வளரும். விவசாயிகளுக்குச் சந்தோஷம், ராமலட்சுமிக்குப் பெயர், அக்காவின் மூங்கில் பத்திரம்.

இந்த (ஆ) எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதில் அழுவது யார் என்று தேடிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. இரண்டு நாள் மிக நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள், அட்டையில் அந்த ஊர்ப் பெயரை எழுதிப் பார்க்கும்போது கை வரவில்லை. தெரியாமல் எழுதியது ஒருதடவை. தெரிந்தே எழுத என்னால் முடியாது. விதை எந்த ஊர் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். அதில் பொய் எழுதினால் நான் விற்பது வெறும் குச்சி.

(இ) சொல்லிவிடுகிறேன். [இதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை.]

8

போன புதன்கிழமை, ராமலட்சுமியிடம் முதலில் சொல்வது என்று முடிவுசெய்து கிளம்பினேன். மறுநாள் அவர் காய் எடுக்க ஊருக்குப் புறப்படுவதாக இருந்தது. மருதாத்தாளக்காவும் அண்ணனும் பொள்ளாச்சியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார்கள்.

ராமலட்சுமி வீட்டில் இல்லை. அவர் தோட்டத்திலும் இல்லை. அக்காவின் கிணற்றோரத்து மலைவேம்புக்கு அடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாக்கு. முக்கால் நிறைந்திருந்தது.

“என்ன ராமலட்சுமி, ஆட்டுக்கா?”

தூக்கிவாரிப்போட்டது அவருக்கு. “ஆட்டுக்குத்தேன்.”

“உங்ககிட்டதான் ஆடே கிடையாதே.”

சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். என்னையும் உட்காரச் சொன்னார். “நீங்க மொதல்ல சொல்லுங்க. மூணு வாரமா வேலி வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போறீக. என்னமோ இருக்குல்ல?”

சொன்னேன். ஆடு, சாயம், கணு, இரண்டு பட்டி, அடிக்கோடு எல்லாம் சொன்னேன். அவர் முகம் வாடும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நிமிர்ந்தால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

“ஆட்டுக்கொம்பா! நான் என்னென்னமோ நெனச்சேன். நாத்து குடுக்கையில எடம் மாத்திக் குடுத்துட்டீகன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!”

“நெனச்சேளா? உங்களுக்குத் தெரியுமா?”

“மொத வருசமே தெரியும். மார்கழி முடியப் போகுது, எம் பக்கத்து மரம் அம்புட்டும் மொட்டையா நிக்கிது. அக்கா பக்கம் பச்சப்பசேல்னு இருக்கு. எங்கூர்ல மலைவேம்பு தை கடைசிலதேன் எல கொட்டும். நாப்பது வருசம் அதுக்கடியில நடந்தவளுக்குத் தெரியாதா? வேலியப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அடியாத்தீ, நம்மாளு அங்கயில்ல நிக்கிறாகன்னு தோணுச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லலை?”

“சொன்னா? அன்னைக்கே முட்டு அம்புட்டையும் உருவிருப்பாக. காத்துல ஒண்ணு மிஞ்சியிருக்காது. எனக்கு அப்பிடி மூங்கி நடத் தெம்பு ஏது, முழங்காலு இருக்கிற இருப்புல? அதேன், சத்தமாப் பெருமை பேச ஆரம்பிச்சேன். நான் ஒரு வார்த்த கூடப் பேசுனா அவுக ஒரு முடிச்சுக் கூடப் போடுவாக.”

மின்சார ரீடிங் எடுக்க வந்தவரிடம்கூட அவர் ஏன் பெருமை அடித்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வருடமாக வேலிக்கு இந்தப் பக்கம் தன் மரங்களை இன்னொருத்தியை வைத்து வளர்த்திருக்கிறார், வாயாலேயே. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன். சாக்கு சரிந்து காயெல்லாம் உருண்டது.

பொறுக்கிக்கொண்டே கேட்டேன்: “அப்போ இந்தச் சாக்கு?”

“இதக் கொண்டுபோயி, மூணு பஸ் மாறி, உடும்பஞ்சோலையில எந் தங்கச்சி வீட்டுல ரெண்டு நாள் வச்சிருந்து, திரும்பக் கொண்டாரலாம்னு இருந்தேன். அங்கருந்து கொண்டாந்தா அங்கருந்து வந்த காய்தான? பொய்யில்லல்ல?”

என்னுடைய (ஆ)! பஸ் டிக்கெட்டோடு! நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை இவர் இன்னும் நேர்த்தியாகச் செய்யப் புறப்பட்டிருந்தார்.

“அந்தப் பதினொரு பேர்கிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

சிரிப்பு நின்றது. “எம் வீட்டுல வந்து ஒக்காந்து காப்பி குடிச்சாக, ஜானவிம்மா. ஆறு வருசத்துல மொத தடவ. பெஞ்சு பத்தாம ரெண்டு பேரு கீழ ஒக்காந்தாக. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல.”

மிச்சக் காயையும் பொறுக்கிப் போட்டுச் சாக்கைக் கட்டினோம்.

9

மருதாத்தாளக்காவிடம் யார் சொல்வது என்று அரைமணி நேரம் வாதாடினோம். “நீங்கதேன தப்புப் பண்ணுனீக” என்றார் அவர். “நீங்கதான் தெரிஞ்சும் மறைச்சேள்” என்றேன் நான். கடைசியில் அவர்தான் வழி சொன்னார்: “கதை எழுதுவீகள்ல, எழுதிக் குடுத்துருங்க. அண்ணன் படிக்கட்டும், அக்கா கேக்கட்டும்.”

சென்னியப்பண்ணன் கையில் கிடைத்த எதையும் சத்தமாகப் படிப்பவர். பஜ்ஜி மடித்துவந்த தாளைக்கூட விடமாட்டார். சாயந்தரம் நாலரை மணிக்கு வாசல் கட்டிலில் உட்கார்ந்து அவர் படிப்பார், அக்கா கேட்டுக்கொண்டே கீரை ஆய்வார். ஆகவே இந்தக் கதைக்கு வாசகர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் பக்கத்தில் நின்று கேட்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள், உங்களுக்கும் இடம் இருக்கிறது.

ராமலட்சுமி மூன்று நிபந்தனை போட்டார். தன்னைத் திருடி என்று எழுதக் கூடாது. [எழுதவில்லை.] பஸ் யோசனை வெறும் யோசனைதான், டிக்கெட் எடுக்கவில்லை என்று எழுத வேண்டும். [எழுதிவிட்டேன்.] ஐப்பசியில் அக்கா சொன்ன அந்தப் பேச்சை எடுத்துவிட வேண்டும். நினைவுபடுத்தினால் ரோஷத்துக்காவது உருவிவிடுவார் என்பது அவர் பயம்.

அதை மட்டும் நான் எடுக்கவில்லை. அது இல்லாவிட்டால் நாங்கள் எதற்குப் பயந்தோம் என்று அக்காவுக்குத் தெரியாமலே போய்விடும்.

நிகில் இதுவரை படித்துவிட்டு, “இப்பவும் இது மாப்புக் கடுதாசுதான். பரவாயில்லை, நன்னாருக்கு. முடிவு எங்கே?” என்றார்.

10

அக்கா, இனி உங்களிடம் நேராகவே பேசுகிறேன். அண்ணா, கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுப் படியுங்கள்.

முட்டுக் கொடுத்து நீங்கள் வளர்த்த முப்பதும் உடும்பஞ்சோலை மரங்கள். வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய தயவும் இல்லாமல் நிமிர்ந்து நிற்பவை உங்கள் கிணற்றோரத்து மரத்தின் பிள்ளைகள். மூன்றரை வருடமாக உங்கள் மண்ணும் உங்கள் விதையும்தான் ஜெயித்துக்கொண்டிருந்தன. அந்தச் சந்தோஷம் உங்களுக்குச் சேர வேண்டியது. அதை உங்களுக்குக் கிடைக்காமல் செய்தவள் நான். மன்னித்துவிடுங்கள்.

அந்தச் சாக்கு என் பண்ணைக் கொட்டகையில் இருக்கிறது. அவிழ்க்கவில்லை. உங்கள் மரத்துக் காய், கேட்காமல் எடுத்தது. நீங்கள் சரி என்றால் கோபாலபுரம் மருதாத்தாள் தோட்டத்து விதை என்று எழுதி முளைக்கப் போடுகிறேன். பதினொரு பேர் வீட்டுக்கும் நானே போய் நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ராமலட்சுமி கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். பஞ்சாயத்து முழுக்க அவரை மறுபடியும் மலைக்காரி என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை என்கிறார். “எம் மரம் நிமிந்திருச்சு, அது போதும்” என்றார். சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை எழுதக் கூடாது என்று அவர் நிபந்தனை போட மறந்துவிட்டார்.

இனி அந்த முப்பது மூங்கில். அடுத்த ஐப்பசியில் நீங்கள் புதுசு நட்டால் அந்தக் காற்றையும் தாண்டிவிடும். அதற்கப்புறம் அடிமரம் தன் பாரத்தைத் தானே தாங்கும். இப்போது உருவினால் தாங்காது. இது என் கணிப்பு. என் கணிப்புகளின் யோக்கியதையை இவ்வளவு நேரம் கேட்டீர்கள்.

மலைக்கொட்டை என்றால் சாயட்டும் என்று விட்டுவிடுவேன் என்றீர்கள். விளையாட்டா நிஜமா என்று எனக்குத் தெரியாது. மூன்று வருடம் பக்கத்து வேலியில் நின்ற ராமலட்சுமிக்கும் தெரியவில்லை. உங்களுக்கே தெரியுமா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான், அன்றைக்கு உங்களிடம் யாரும் நிஜமாகக் கேட்கவில்லையே. இப்போது கேட்கிறோம். இதற்கு நான் ஒரு பதில் எழுதிவைத்தால் அது பொய். நல்ல பதிலாக எழுதினாலும் பொய்தான். அதனால் முடிவை எழுதவில்லை.

அண்ணன் இந்த வரியைப் படிக்கும்போது நானும் ராமலட்சுமியும் வேலிக்கு அந்தப் பக்கம், உங்கள் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றுகொண்டிருப்போம். வேண்டுமானால் வாசகர்களையும் கூட்டி வருகிறேன், முப்பது மரம் இருக்கிறது, நிற்க இடம் போதும். கட்டில் கிறீச்சிடுவது எங்களுக்குக் கேட்கும். கீரையை ஒதுக்கிவைத்துவிட்டு நீங்கள் எழுந்திருப்பீர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியை நோக்கி நடந்து வருவீர்கள்.

கையில் கொண்டுவருவது அரிவாளா, கயிறா, அக்கா?